பூப்போட்ட சட்டையும் எவர்சில்வர் குண்டானும்

நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே வழக்கொழிந்துபோன ஒரு நாகரிகத்துக்கு, என் இருபத்தேழாவது வயதில் என்னை நானே வாரிசாக நியமித்துக்கொண்டேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கடல் தாண்டி இருக்கும் ஆஸ்பத்திரிகளின் பில்களை இங்கே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். நாள் முழுக்க முகம் தெரியாத யாருடைய பித்தப்பையைப் பற்றியோ படித்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு தேவைப்படத்தான் செய்யும். கூட வேலை பார்த்தவர்கள் ஜிம்முக்குப் போனார்கள், தொட்டியில் மீன் வளர்த்தார்கள். நான் எண்பதுகளுக்குப் போனேன்.

அரைகுறையாகவும் போகவில்லை. காதுக்குக் கீழே கிருதா இறங்கியது. பவர் இல்லாத பெரிய ஃபிரேம் கண்ணாடி மூக்கில் ஏறியது. ("கண்ணு நல்லாத்தானேடா தெரியுது உனக்கு?" என்று அம்மா மாதம் ஒருமுறை கேட்பாள்.) கேசட் போடும் வாக்மேன் ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அது பாதி நேரம் பாடும், மீதி நேரம் நாடாவைத் தின்னும். தின்ற நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றி எடுக்கும் வேலையை நான் பஸ்ஸில் நாலு பேர் பார்க்கும்படிதான் செய்வேன். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரிப்பேர் கடை வச்சிக்கிறியாப்பா?" என்று கேட்டார். வீட்டில் ஒரு மிக்ஸி ஓடாமல் கிடக்கிறதாம்.

இதில் நான் தனி ஆள் இல்லை. முகப்பேரில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், என்னைப் போன்றவர்களுக்காகவே ஒரு கடை திறந்திருந்தார்கள். உள்ளே நுழைந்தால் அந்துருண்டை வாசனை அடிக்கும். கம்பியில் வரிசையாக யார் யாரோ போட்டுக் கழித்த துணிகள் தொங்கும். கடைக்காரர் எதையும் பழசு என்று சொல்ல மாட்டார். 'விண்டேஜ்' என்பார். பழசு என்றால் பேரம் பேசலாம், விண்டேஜ் என்றால் பேசக் கூடாது.

அங்கேதான் அந்தச் சட்டையைப் பார்த்தேன். காப்பிப்பொடி நிறத்தில் வழவழவென்று பாலியெஸ்டர் துணி. அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சுப் பூக்கள். காலரின் இரண்டு நுனியும் தோள்பட்டையைத் தொட்டுவிட்டுத்தான் நின்றன. அதையும் அதற்குப் பொருத்தமாக ஒரு பெல்பாட்டத்தையும் சேர்த்து வாங்கினேன். அம்மாவிடம் விலையில் பாதியைத்தான் சொன்னேன். அதற்கே இரண்டு நாள் குழம்பில் உப்பு இல்லை.

இந்த இடத்தில் நிவேதாவைச் சொல்ல வேண்டும். நிவேதா என்னோடு வேலை பார்த்தவள். அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி வீடு. இரண்டு வருஷமாக நாங்கள் காதலித்துக்கொண்டிருந்தோம். என் கிருதாவை அவள் வெயில் காலம் மாதிரி சகித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஏகாம்பரம் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் வேறு ஜனம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "பழக்கவழக்கம் ஒத்து வராதும்மா" என்று மட்டும் மகளிடம் சொன்னார். குமணன்சாவடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த சொந்தக்காரப் பையன் ஒருவனை மனசில் வைத்துக்கொண்டு சொன்ன சொல் அது.

அந்த வீட்டில் எங்கள் பக்கம் இருந்த ஒரே ஆள் நிவேதாவின் அம்மா கஸ்தூரி. என்னைப் பார்க்காமலேயே, மகள் சொன்னதை வைத்தே, என்னை நல்ல பையன் என்று முடிவு கட்டியிருந்தார். இரண்டு மாதம் புருஷனோடு மல்லுக்கட்டி, "ஒரே ஒருவாட்டி பையனை ஊட்டுக்கு வரச்சொல்லிப் பாரு. புடிக்கலன்னா நானே வேணாம்ன்றேன்" என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். ஆக எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது சொதப்பினால் ஹார்டுவேர் கடை.

நிவேதா போனில் தெளிவாகச் சொன்னாள். "லைட் ப்ளூ ஷர்ட் போட்டு டக் இன் பண்ணிட்டு வா. தயவுசெஞ்சு அந்தக் கிருதாவை எடுத்துடு. அப்பா கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஓவரா பேசாத."

எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளே முன்பு ஒருமுறை, "எங்கப்பா அந்தக் காலத்துல செம ஸ்டைலாம்" என்று சொல்லியிருக்கிறாள். நான் யோசித்தேன். (என் வாழ்க்கையில் நடந்த கெட்டதெல்லாம் இந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் நடந்திருக்கிறது.) லைட் ப்ளூ சட்டை போட்டுக்கொண்டு வருகிறவனை எந்த அப்பாவும் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். அவருடைய சொந்த இளமையையே உடுத்திக்கொண்டு போய் நின்றால்? மனுஷன் உருகிப்போய்விட மாட்டாரா? நிவேதாவுக்கும் ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அதுவரை அவள் கண்ணில் படாத அந்தச் சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பூப்போட்ட சட்டை, பெல்பாட்டம், பெரிய கண்ணாடி சகிதம் கிளம்பினேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. பெல்பாட்டம் போட்டுக்கொண்டு கிக்கரை உதைக்கக் கூடாது என்பதை எண்பதுகளின் ஆட்கள் யாரும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. முதல் உதையிலேயே கிக்கர் பேண்ட்டுக்குள் புகுந்துகொண்டது. ஒற்றைக் காலில் நடுத்தெருவில் குதித்துக்கொண்டிருந்தேன். டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்து விடுவித்துவிட்டு, "இன்னா மாமே, கோயில் திருவிழால டான்ஸா?" என்றார். இல்லை, பெண் கேட்கப் போகிறேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு டீக்கடைக்குத் திரும்பிப் போனார்.

கதவைத் திறந்தது ஏகாம்பரம்தான். வேட்டி, கைவைத்த பனியன், நல்ல தொந்தி. என் காலரிலிருந்து ஆரம்பித்துக் கால்வரை ஒருமுறை பார்த்தார். திரும்பவும் சட்டைக்கு வந்து அங்கேயே நின்றார். "வாப்பா" என்றார். ஹாலில் சுவரை ஒட்டிக் கிடந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். எதிரே அவர் உட்கார்ந்தார். என் சட்டையைப் பார்ப்பார், என் தலைக்கு மேலே சுவரைப் பார்ப்பார், மறுபடி சட்டையைப் பார்ப்பார். ஆள் உருகத் தொடங்கிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

கஸ்தூரி தண்ணீர் எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. டம்ளரிலிருந்த தண்ணீர் தட்டில் சிந்தியது. "தம்பி, ரொம்ப வேர்க்குதே உனக்கு. உள்ளாற வந்து மூஞ்சி கழுவிக்கோ. சட்டைய வேணா கழட்டிட்டு அவரு துண்டைப் போட்டுகினு காத்தாட உக்காரு" என்றார்.

"பரவால்ல ஆன்ட்டி. இந்தத் துணில வேர்வையே தெரியாது" என்றேன். (தெரியாதுதான். அது வெளியே விட்டால்தானே தெரியும்.)

அவர் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். பையன் லட்சணமாக இருக்கிறான் என்கிறார் போலிருக்கிறது என்று எண்ணி நானும் பணிவாகத் தலையசைத்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய், பாயசக் குண்டானோடு திரும்பி வந்தார். பெரிய எவர்சில்வர் குண்டான். அதை ஹாலின் நடுவில் இறக்கி வைத்து, கரண்டியைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார். கூடவே வந்த நிவேதா என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சட்டை எங்க தச்சது?" என்றார் ஏகாம்பரம்.

இதற்காகவே ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். கடையில் வாங்கியது என்றால் ஊதாரி என்று நினைப்பார். குடும்பப் பாசம் உள்ளவன் என்று தெரிய வேண்டும். "எங்கப்பாவோடது அங்கிள். சின்ன வயசுல ஆசையா தச்சுப் போட்டது. எங்க வீட்ல பழைய பொருளையெல்லாம் பத்திரமா வச்சுக்குவோம்."

(என் அப்பா வாழ்க்கையில் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் சட்டை போட்டதில்லை.)

"உங்கப்பாவுதா?"

"ஆமா அங்கிள்."

"பூந்தமல்லில தச்சதா?"

"ஆமா அங்கிள்." கேட்பதற்கெல்லாம் ஆமாம் போட்டால் அடக்கமான பையன் என்று பெயர் வரும் என்பது என் எண்ணம்.

"பாக்கெட்டுக்கு உள்ளாற இன்னொரு சின்ன பாக்கெட் கீதா பாரு."

கையை விட்டுப் பார்த்தேன். இருந்தது. வாங்கி மூன்று மாதமாகியும் எனக்கே தெரியாது.

"இருக்கு அங்கிள்..."

"ரெண்டு சிகரெட்டு கொள்ளும். எங்கப்பனுக்குத் தெரியாம வச்சிக்கறதுக்கு டெய்லர் கைல சொல்லித் தச்சது. எழுந்து செவுத்தப் பாரு."

எழுந்து திரும்பினேன். என் தலைக்கு நேர் மேலே கண்ணாடி போட்ட ஒரு ஸ்டூடியோ படம் மாட்டியிருந்தது. ஒல்லியான இளைஞன் ஒருவன் ஸ்டூலில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தான். காப்பிப்பொடி நிறச் சட்டை. ஆரஞ்சுப் பூக்கள். தோளைத் தொடும் காலர். இடது பாக்கெட்டில் பாதியாக வெட்டுப்பட்ட பூ எனக்கும் அதே இடத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. கிருதாகூட ஒன்றுதான். நான் பத்து நிமிஷமாக அந்தப் படத்துக்குக் கீழே அதன் நகல் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"உங்கப்பா இந்தப் பக்கம் அடிக்கடி வருவாரா?" என்று ஏகாம்பரம் நிதானமாகக் கேட்டார்.

"எதுக்கு அங்கிள்?"

"இல்ல, எங்க ஊட்டுக் கொடில காயப்போட்டத எடுத்துகினு போனாரான்னு கேக்கறேன்."

உண்மையைச் சொன்னால் நான் பொய்யன். சொல்லாவிட்டால் என் அப்பா துணி திருடன். பெற்ற பாவத்துக்கு அவரை அப்படி விட முடியாது. முகப்பேரில் ஜெராக்ஸ் கடை மாடியில் வாங்கியது என்று ஒப்புக்கொண்டேன்.

அத்தோடு விஷயம் என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். போனது. ஆனால் போகக் கூடாத இடத்துக்குப் போனது. ஏகாம்பரம் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "கடைக்கு எப்டிப் போச்சு? டிசம்பர் மழைல ஊட்டுக்குள்ள தண்ணி பூந்தப்போ பீரோ அடித்தட்டுல நனைஞ்சி வீணாப் போச்சுன்னியே கஸ்தூரி?"

கஸ்தூரியின் கரண்டி நின்றது. நிவேதாவின் பார்வை மட்டும், அவளே அறியாமல், அம்மாவிடமிருந்து இறங்கிப் பாயசக் குண்டானில் போய் நின்றது. மகள் பார்ப்பதை அப்பா பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் வாங்கிய துணியெல்லாம் எங்கே போகிறது என்றுதான் அதுவரை யாரும் யோசித்ததில்லை.

"சட்டையப் போட்டு குண்டான் வாங்கினியா?"

"பின்ன இன்னா பண்ண சொல்ற?" என்று கஸ்தூரி சீறினார். "முப்பது வருசமா பீரோவுல பாதி எடத்த அடச்சிகினு கெடந்துச்சு. ஒரு பொத்தானாவது போட முடியுதா உன்னால? அது ஒண்ணுக்கே குண்டான் குடுப்பானா? என் கல்யாண ரிசப்ஷன் பொடவையையும் சேத்துப் போட்டேன். மூடியோட குடுத்தான்."

"மூடியோடவா?" என்றார் ஏகாம்பரம். அவர் குரலில் இருந்தது கோபமா ஆர்வமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "நீ இன்னா வெல குட்த்த?" என்றார்.

சொன்னேன். இந்த முறை முழு விலையையும் சொன்னேன்.

ஏகாம்பரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ்ளவா? எஞ்சட்டைக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பெருமையாகப் பார்த்தார். "கேட்டுக்கோடி."

கஸ்தூரிக்கு அதுதான் தாங்கவில்லை. புருஷனிடம் மாட்டிக்கொண்டதைவிடப் பாத்திரக்காரரிடம் ஏமாந்தது பெரிய அடி. "அந்த வெலைக்கு எனக்கு கிரைண்டரே குடுத்திருக்கணுமே!" என்றார். அந்தக் கோபம் நேராக என் மேல் வந்து விழுந்தது. "எல்லாம் இந்தப் பையனாலதான். இத்தினி நாளு இவனுக்காக உங்கைல சண்ட போட்டேன் பாரு. மொத நாளே அப்பா சட்டைன்னு வாய் கூசாம பொய் சொல்றான். இவன் வேணாம். குமணன்சாவடிப் பையனையே பாத்துக்கலாம்."

நிவேதா சிரிப்பை நிறுத்திவிட்டாள். எங்களுக்காகப் பேசிய ஒரே ஆளை நான் ஒரு சட்டையால் தொலைத்திருந்தேன். லைட் ப்ளூ சட்டை ஒன்று, இஸ்திரி போட்டு, வீட்டு அலமாரியில் தொங்குவது ஞாபகம் வந்தது. அழுகை வரும் போலிருந்தது.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "பொய் சொன்னா வேணாமா?"

"வேணாம்."

"நீ தண்ணில போச்சுன்னு சொன்ன. எங்கப்பனாண்ட நான் சிகரெட்டே தொடமாட்டேன்னு சொன்னேன். நாம குடும்பம் நடத்தல?"

கஸ்தூரி கரண்டியைக் குண்டானுக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் போனதும் ஏகாம்பரம் என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கழட்டு."

கழற்றினேன். உள்ளே என் பனியனில் நாலைந்து ஓட்டைகள் இருந்தன. (எல்லாக் காசையும் விண்டேஜில் போட்டவனிடம் வேறென்ன இருக்கும்?) நிவேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சட்டையை வாங்கி அங்கேயே போட்டுப் பார்த்தார். மேல் பொத்தான் இரண்டும் பூட்டின. மூன்றாவதிலிருந்து தொந்தி விடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பாக்கெட்டுக்குள் விரலை விட்டு அந்தச் சின்ன பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் எங்கள் யாரோடும் இல்லை. அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வேஷமாகப் போட்டுக்கொண்டு வந்ததை அந்த மனுஷன் நிஜமாகவே வாழ்ந்திருக்கிறார்.

சட்டையை அவர் கழற்றவில்லை. உள்ளே போய் ஒரு காக்கிச் சட்டையைக் கொண்டு வந்து என் மடியில் போட்டார். தொழிற்சாலை யூனிஃபார்ம். பாக்கெட்டுக்கு மேல் சிவப்பு நூலில் ஏகாம்பரம் என்று தைத்திருந்தது.

"பாயசம் குட்ச்சிட்டு கெளம்பு. அடுத்த ஞாயிறு அப்பா அம்மாவக் கூட்டிகினு வா" என்றார். வாசல்வரை வந்து, "உங்கப்பாவ அவரு சட்டையவே போட்டுகினு வரச்சொல்லு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆரஞ்சுப் பூக்களோடு போன மகன் காக்கிச் சட்டையில், இன்னொருவர் பெயரோடு, தொளதொளவென்று திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நிறுத்திப் பார்த்தாள். "பொண்ணு கேக்கப் போனியா, வேலைக்குச் சேந்துட்டு வந்தியா?" என்றாள்.

கல்யாணம் நடந்தது. ரிசப்ஷனில் மாமனார் இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி வைத்துப் பெரிசாக்கிய அந்தப் பூப்போட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டு நின்றார். நான் லைட் ப்ளூ. வந்தவர்களிடமெல்லாம் அவரே கதையைச் சொன்னார். இன்றைக்கும் அயனம்பாக்கம் சொந்தக்காரர்களுக்கு என் பெயர் தெரியாது. "சட்டையக் கழட்டிக் குட்த்துப் பொண்ணு கட்டினாரே, அவரு" என்றால்தான் தெரியும்.

மாமியார் மட்டும் இறங்கி வர நாளானது. ஒரு வருஷம் என்னிடம் நேராகப் பேசவில்லை. நான் போகும்போதெல்லாம் பாயசமோ பொங்கலோ அந்தக் குண்டானில்தான் வரும். என் எதிரில்தான் வைப்பார். மூடியைத் திறந்துவிட்டு என்னையே பார்ப்பார். பேத்தி பிறந்த பிறகுதான் பேச்சு சகஜமாயிற்று. மன்னித்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

கிறுக்கெல்லாம் எனக்கும் எப்போதோ தெளிந்துவிட்டது. கிருதா போய்விட்டது, வாக்மேன் பரணில் இருக்கிறது. அந்தப் பெல்பாட்டத்தை மட்டும் ஒரு தீபாவளிக்குப் போனபோது மாமனார் வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். போன மாதம் போயிருந்தபோது, கிளம்பும் நேரத்தில் மாமியார் மீன் குழம்பு கட்டிக் கொடுத்தார். பளபளவென்று நாலடுக்கு எவர்சில்வர் கேரியர்.

"புதுசா இருக்கே அத்தை" என்றேன்.

"உங்களுதுதான் மாப்ள" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு ஓடிப் போய் பீரோவைத் திறந்து பார்த்தேன். பெல்பாட்டம் இருந்த தட்டில் பேத்தியின் கவுன்களை அழகாக அடுக்கி வைத்திருந்தார். நான் திரும்பி வந்தபோது மாமியார் வாசலில் என் மகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கவலப்படாதீங்க மாப்ள. பாப்பா பெருசாகட்டும். எவனாவது அந்த பேண்ட்ட மாட்டிகினு உங்க ஊட்டுக்கு வருவான்."